இடம் போதாத வரி

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஆகவே, நானும் அப்பாவும் இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரியும் பையனும் சுகமா? அவளுடைய முதுகுவலி குறைந்ததா?

இதையெல்லாம் போனில் பேசலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். "யாரு, டிப்போவா? அஞ்சாம் நம்பர் ஏன் இன்னும் கிளம்பல?" என்று கையிலிருந்து பிடுங்குகிறார். டைம் கீப்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனை வருஷம் ஆகிறது! அவருடைய பஸ்கள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. விடிவதற்கு முன்பே ஜன்னலில் நின்று விசில் அடிக்கிறார். எதிர்வீட்டு டீச்சர் அலாரம் வைப்பதையே விட்டுவிட்டாள்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், சிரிக்காதே. எங்கள் பாட்டில் ஃபாக்டரியில், பேக்கிங்கில் இருக்கும் ஒரு அம்மாள் சாப்பாட்டு நேரத்தில் கார்டு போட்டுக் குறி சொல்கிறாள். ஜோசியக்காரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவது. அவள் வைத்திருக்கும் கட்டு உங்கள் அச்சகத்தில் அடித்தது. கூட வருகிற சின்னப் புத்தகம் நீ எழுதியதுதானே? "முப்பத்தாறு பேருக்கு ஒரே மூச்சில் தலையெழுத்து எழுதினேன்" என்று போன வருஷம் பீற்றிக்கொண்டாயே, அதே புத்தகம்.

எனக்கு வந்தது பதினான்காவது கார்டு. கண்ணைத் துணியால் கட்டிய ஒரு பெண், கைக்கு ஒன்றாக இரண்டு வாளைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள். உன் புத்தகம் சொல்வது இது: "இரண்டு பக்கமும் கனம் ஒன்றே. அவசரப்படாதே. கண் கட்டப்பட்டிருப்பது உன் நன்மைக்கே. வாளை இறக்காமல் பொறுத்திரு. காலமே வழி காட்டும்."

படித்துவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். "என்னம்மா, யாருக்காச்சும் பதில் சொல்ல வேண்டியது இருக்கா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இருக்கிறது. எங்கள் உலைக்காரரைப் பற்றி ஒரு தடவை எழுதியிருக்கிறேன். கண்ணாடி உருக்கும் உலையைப் பார்த்துக்கொள்பவர், மனைவி இறந்துபோனவர். ஏப்ரலில் வேறு ஊர் ஆலைக்கு மாற்றலாகிப் போகிறார். போவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

எழுதியவன் நீ. அதனால் உன்னையே கேட்கிறேன். இந்தக் கார்டுக்கு என்னடா அர்த்தம்?

உடம்பைக் கவனி.

அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அவளுக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, தையல் மெஷினை விட்டு எழுந்தால்தானே! பையனுக்குப் பரீட்சை நெருங்குகிறது. அப்பாவின் மூட்டுவலி எப்படி? உனக்குத் தலைவலி வருவது நின்றதா?

உன் கடிதத்தைப் படித்து, மன்னித்துக்கொள், சிரித்துவிட்டேன். அந்தப் புத்தகம் பிறந்த கதை உனக்குத் தெரியாது. முதலாளி எங்கிருந்தோ படங்களைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அர்த்தம் நீயே போடுப்பா, பக்கத்துக்கு அஞ்சு வரி, ஆறாவது வரி வந்தா பேப்பர் கூடிடும்" என்றார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன், கண்ணைச் சொருகிக்கொண்டு வந்தது. யார் படித்தாலும் தனக்குத்தான் சொல்லியிருக்கிறது என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான் அந்த வித்தை.

ஆனாலும் பதினான்காவது நல்ல கார்டு, அக்கா. பொறுமை உள்ளவளுக்குத்தான் அது வரும். உண்மையில் அதற்கு இன்னொரு வரியும் இருந்தது. இடம் போதாமல் போய்விட்டது.

உலைக்காரர் அப்படி என்ன கேட்டார்? இங்கே அச்சகத்தில் மெஷின் மறுபடி மக்கர் செய்கிறது, கூப்பிடுகிறார்கள். மற்றவை பின்னர்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவிடம் நீ விசாரித்ததாகச் சொன்னேன். "எந்த ரூட்டு டிரைவர்?" என்று கேட்டார். தலைவலி வருகிறது, போகிறது, அதுவும் ஒரு ஷிஃப்ட் பார்க்கிறது.

உலைக்காரர் கேட்டதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொண்டு கூட வரச் சொல்கிறார். நாற்பத்து நாலு வயதில் எனக்கு வெட்கம் வந்தது, அதைவிட வெட்கக்கேடு ஏதாவது உண்டா? பாட்டில் கழுவும் குழாயடியில் நின்றுகொண்டு கேட்டார். "உங்களுக்குப் பிடிக்கலைன்னா மறந்துடுங்க, நானும் மறந்துட்டதா நடிக்கிறேன்" என்றார். எனக்குப் பிடித்திருக்கிறது, தம்பி. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அப்பா விஷயத்தையும் அவரே எடுத்தார். அவருடைய அம்மா படுத்த படுக்கை. ஆலைக்காரர்கள் கொடுக்கும் வீடு ஒற்றை அறையும் ஒரு சமையலறையும். "ரெண்டு பேரை நம்மால தாங்க முடியாதுங்க. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக எனக்கு மனசு இல்ல" என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி கிளம்புகிறார்.

இப்போது கார்டுக்கு வருகிறேன். இடம் போதாமல் போன அந்த வரி என்ன?

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,

அக்கா


பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யாவரும் நலம், உன் நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நாட்காட்டி ஆர்டர், பிறகு பையனுக்கு ஜுரம், இப்படியே நாள் ஓடிவிட்டது.

உன் செய்தியைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். உனக்கு ஒரு நல்லது நடக்க வேண்டும் என்று நான் நினைக்காத நாள் கிடையாது. அவர் நல்ல மனிதராகத்தான் தெரிகிறார்.

இருந்தாலும் எல்லாப் பக்கமும் பார்க்க வேண்டும் இல்லையா? என் வீட்டு நிலைமை உனக்குத் தெரியும். இரண்டு அறை. அதில் ஒன்றை மெஷினும் துணி மூட்டையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, அப்பாவின் மூட்டுக்கு ஒரு நாள் தாங்காது. பையன் படிக்க வேண்டும். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லமாட்டாள், ஆனால் முகம் என்று ஒன்று இருக்கிறதே. அப்பாவும் அந்த ஜன்னலை விட்டு வந்தால் ஏங்கிப்போவார்.

கார்டில் சொல்லியிருப்பதும் அதுதான். இரண்டு பக்கமும் கனம் ஒன்றே. யாரும் யாருக்கும் முடிவு சொல்ல முடியாது. உன் மனசுக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய். நீ என்ன முடிவெடுத்தாலும் எனக்கு முழுச் சம்மதம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி


மார்ச் 7

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். பையனுக்கு ஜுரம் விட்டிருக்கும் என்று நம்புகிறேன்.

என்ன முடிவெடுத்தாலும் சம்மதம் என்றால் என்னடா அர்த்தம்? லைனில் என் முன்னால் வெளிச்சத்தில் பாட்டில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. விரிசல் இருந்தால் தள்ள வேண்டும், இல்லாவிட்டால் விட வேண்டும். அங்கே நின்றுகொண்டு, தள்ளினாலும் சம்மதம் விட்டாலும் சம்மதம் என்று நான் சொன்னால் சூப்பர்வைசர் என்னைத்தான் தள்ளுவார். நீ பட்டும் படாமலும் வழவழா கொழகொழா என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். மதில் மேல் பூனைக்குக்கூட எந்தப் பக்கம் குதிக்கலாம் என்று ஒரு எண்ணம் இருக்கும்.

போன வாரம் அப்பா என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் ஷிஃப்டில் இருந்தேன். டீச்சர் தேடிக் கண்டுபிடித்தபோது, பெரிய ரோட்டு நடுவில் நின்று லாரிகளைக் கைகாட்டி அனுப்பிக்கொண்டிருந்தாராம். லாரிக்காரர்களும் அவர் சொன்னபடி போயிருக்கிறார்கள்! அன்று இதைக் கேட்டு டீச்சரும் நானும் சிரித்தோம். மறுநாள் விரிசல் பாட்டில் ஒன்றைக் கண்ணெதிரே விட்டுவிட்டேன். அது உலைக்காரர் கண்ணில் பட்டது. அவர் யாரிடமும் சொல்லாமல் எடுத்து உடைசல் தொட்டியில் போட்டார்.

ஜோசியக்காரி மறுபடி எனக்குப் போட்டாள். அதே கார்டு. "மூணாவது தடவையும் வந்தா அது உன்னை விடாது" என்கிறாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் பெட்டி ஒட்டப் போய்விடுகிறாள்.

அந்த விட்டுப்போன வரியை எழுது. நீளமாக வேண்டாம், வரி மட்டும் போதும். இருபத்தைந்தாம் தேதிக்குள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அக்கா


மார்ச் 24

தம்பிக்கு,

இங்கே சுகம். போன கடிதம் கிடைத்ததா? அது மட்டும் தெரிந்தால் போதும்.

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். இத்துடன் கார்டுப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை வைத்திருக்கிறேன். பதினான்காம் பக்கத்தைப் பார். முதலாளியோடு மல்லுக்கு நின்று, அந்தப் பக்கத்துக்கு மட்டும் எழுத்தைச் சின்னதாக்கி, நீ கேட்ட வரியைச் சேர்த்துவிட்டேன். அச்சாகி வரட்டும் என்று காத்திருந்ததில்தான் இத்தனை நாள். நான் சொல்ல வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. தாள் முன்பைவிட நன்றாக இருக்கிறது. அப்பாவுக்கும் படம் பிடித்திருக்கிறது, ஒவ்வொரு பக்கத்தையும் டிக்கெட் மாதிரி கிழிக்கப் பார்க்கிறார்.

சாப்பாட்டு மேஜையில் ஜோசியக்காரியிடம் கொடுத்தேன். அவள் பதினான்காம் பக்கத்தை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். "ஒரு வாளை அடுத்தவர் கையில் கொடு, கண் கட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து நட." பிறகு ஒருத்தி, "அது சரி, யாருங்க அந்த அடுத்தவர்? என் வீட்டுல அடுத்தவர்னு பாத்தா பூனை ஒண்ணுதான் இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

நல்ல வரிதான், தம்பி. ஆனால் அந்தப் பூனைக்காரி கேட்ட கேள்வியைத்தான் நானும் கேட்கிறேன். எனக்கு எழுத வேண்டியதை ஊரெல்லாம் வாங்குகிற புத்தகத்தில் எழுதியிருக்கிறாய். ஆயிரம் பேர் அதைப் படித்துத் தங்கள் வாளை யார் கையிலோ கொடுத்துக்கொள்ளட்டும். அடுத்தவர் யார் என்று அதில் இல்லை. எந்த ரயிலில் வருகிறார் என்றும் இல்லை.

உலைக்குப் புது ஆள் வந்துவிட்டார். ரொம்பச் சத்தமாகப் பேசுகிறார்.

வெயில் அதிகமாக இருக்கிறது. பையனை அலையவிடாதே.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

புது ஆள் வந்துவிட்டார் என்ற வரியை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது வீட்டுக்காரி மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். உன் கடிதங்கள் எல்லாவற்றையும், பிப்ரவரியில் நான் உனக்கு எழுதிப் பார்த்த நகலையும் எடுத்து முதலிலிருந்து படித்திருக்கிறாள்.

"எனக்கு முகம்னு ஒண்ணு இருக்குன்னு அண்ணிக்கு எழுதினீங்களா?" என்று கேட்டாள். ஏதோ ஒரு பேச்சுக்கு எழுதினேன் என்றேன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டு நான் மாட்டேன்னு சொன்னேனா? நான்தான் தடுக்கிறேன்னு அவங்க அத்தனை நாளும் நினைச்சுக்கிட்டு இருந்திருப்பாங்க. யாரோ முன்னப்பின்ன தெரியாத ஆளுக்கெல்லாம் அர்த்தம் எழுதத் தெரியுது, கூடப் பிறந்தவங்களுக்கு 'வரேன்'னு எழுதத் தெரியலையா?"

அவளிடம் நான் கேட்கவே இல்லை, அக்கா. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அந்த இடம் போதாத வரியும் பொய். அப்படி ஒன்று முதலில் இருந்ததே கிடையாது. உன் முதல் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அள்ளிவிட்டேன். நீ திரும்பத் திரும்பக் கேட்டதும் மாட்டிக்கொண்டேன்.

இப்போது புத்தகத்தில் இல்லாமல் என் கையால் எழுதுகிறேன். அடுத்தவர் நான்தான். பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். மாலை வண்டியில் அப்பாவை அழைத்துக்கொண்டு திரும்புகிறேன். கீழ்வீட்டுக்காரர்களிடம் பேசி, முன்னறையை வாடகைக்கு எடுத்திருக்கிறோம், படியேற வேண்டாம். தெருப் பக்கம் ஜன்னலும் இருக்கிறது. எத்தனை மாதத்துக்கு என்று கேட்கமாட்டேன்.

அவர் நிஜமாகவே போய்விட்டாரா? என்னாலா?

தம்பி


மே 10

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். அவளைப் பற்றி நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். என்னை மன்னிக்கச் சொல்.

அவர் போய்விட்டார். மூன்றாம் தேதி போனார். அதற்கு முந்தின வாரமே நான் உலைப் பக்கம் போய், முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தச் சூட்டில் நின்று பேசினால் அழுதாலும் வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம். "உங்க தம்பி என்ன சொல்றார்?" என்று கேட்டார். "அவனுக்கு மாடி வீடு" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஸ்டேஷனுக்கு நான் போகவில்லை, அன்று அப்பா குளிக்கமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

உன்னாலா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், உன்னால்தான். இதைக் கோபத்தில் எழுதவில்லை. கோபப்படவும் உடம்பில் தெம்பு வேண்டும். மீதிப் பாதி என்னால். ஜனவரியிலேயே, அப்பாவை நீ கூட்டிக்கொண்டு போ என்று ஒரே வரியில் எழுதியிருக்க வேண்டும். ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதக் கை வராமல் கார்டுக்கு அர்த்தம் கேட்டேன். நீ பதில் சொல்லப் பயந்தாய், நான் கேள்வி கேட்கவே பயந்தேன். நல்ல அப்பாவுக்குப் பிறந்த நல்ல பிள்ளைகள் நாம்.

அவருடைய புது விலாசம் என்னிடம் இருக்கிறது. போகும்போது ஜோசியக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அவளும் அதிசயமாக வாயை மூடிக்கொண்டு கொடுத்தாள். எழுதுவேனா என்று எனக்குத் தெரியாது. எழுதினால் அவர் பதில் போடுவாரா என்றும் தெரியாது. இந்தத் தடவை யாரையும் கேட்பதாக இல்லை.

அப்பாவின் துணிகளை எடுத்து வைத்துவிட்டேன். மாத்திரைகளை எப்போது கொடுப்பது என்று டீச்சர் சொல்வாள். அஞ்சாம் நம்பர் கிளம்பிவிட்டதா என்று கேட்டால் கிளம்பிவிட்டது என்று சொல். லேட் என்று மட்டும் சொல்லிவிடாதே, அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார். உன்னை யார் என்று கேட்பார். மகன் என்று சொல். மறுபடி கேட்பார், மறுபடி சொல். அவர் கேட்பது உன்னை மறந்ததால்தான், உன்மேல் வருத்தத்தால் இல்லை. எனக்கு இது புரிய ரொம்ப நாள் பிடித்தது.

சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். டீச்சர் காலையிலேயே வந்து அப்பாவோடு இருப்பாள், கதவையும் அவளே திறப்பாள். நான் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருப்பேன். நேரம் ஆனதும் நீ பாட்டுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. சொல்லிக்கொண்டு போக வேண்டும் என்று என்னை எழுப்பாதே. எழுப்பினால், அவர் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுவேன்.

அக்கா